பின்பக்கத்தில் போட்ட செய்தி

அந்தக் கடலோரக் குடியிருப்பில் மொத்தம் அறுபத்து நான்கு வீடுகள். கடலைப் பார்த்தபடி முப்பத்திரண்டு, அதற்குப் பின்னால் முப்பத்திரண்டு, நடுவில் ஒரு தார்ச்சாலை. முதல் வரிசைக்கும் கடலுக்கும் இடையில், மணலிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். வீட்டு உரிமையாளர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதற்கு ஆபீஸ் என்று ஓர் அறை உண்டு. அந்த அறையில் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்த்தவளுக்குப் பத்திரிகையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேருக்கு மறந்துவிட்டது.

பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பக்கமும் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அறுபத்து நான்கு தபால்பெட்டியிலும் அவளே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவாள். முன்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. யாருக்குப் பிறந்தநாள், யார் பிள்ளை பரீட்சையில் தேறியது, காணாமல் போய்க் கிடைத்த பூனை, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு வரவேற்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓரத்தில் சின்னதாகப் பூவும் கொடியும் வரைந்திருப்பாள். பின்பக்கம் டைப் அடித்தது, பொடி எழுத்து. தண்ணீர் வராத நாள், குப்பை வண்டி வராத நாள், பழுது, புகார், எச்சரிக்கை எல்லாம் அங்கேதான்.

இது செயலாளர் போட்ட சட்டம். கப்பல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், நாலாம் நம்பர் வீடு. "முன்பக்கத்தைப் பார்த்தா மனசு குளிரணும்மா. பயப்படுற மாதிரி விஷயமெல்லாம் பின்னாடி போட்டுடு. நாளைக்கு யாரும் சங்கம் சொல்லலைன்னு சொல்ல முடியாது பாரு" என்பார். எப்பேர்ப்பட்ட மூளை. சொன்ன மாதிரியும் ஆயிற்று, யார் காதிலும் விழாத மாதிரியும் ஆயிற்று. பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? தாளை வாங்கியதும் முன்பக்கத்தில் தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார்கள். வராவிட்டால் அதை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுப்பார்கள்.

அவளும் அதே ரகம்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் கண்ணாடிக்கடை வைத்திருந்த தம்பிக்கு வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்புவாள். அவனுக்கும் அவளுக்கும் பத்து வயசு வித்தியாசம், அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் பார்த்து "சூப்பர்க்கா, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று பதில் போட்டால்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமை முடியும். எல்லா வாரமும் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்பினாள்.

சுவரைப் பார்த்துக்கொள்ள ஒரு கொத்தனார் இருந்தார். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறி இறங்கும். மறுநாள் காலையில் அவர் கடப்பாரையோடு வந்து முதல் வரிசையின் கடல் பக்கத் தரையை அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போவார். கீழே மண் இருந்தால் கெட்டியாக 'ணங்' என்று கேட்கும். மண் போயிருந்தால் 'தொம்' என்று கேட்கும். தொம் என்ற இடத்தில் துளை போட்டு சிமெண்ட் கலவையை ஊற்றி நிரப்புவார். வீட்டு எண்களை ஆபீஸில் வந்து சொல்வார், அவள் பின்பக்கத்தில் டைப் அடிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு வீட்டின் எண்தான் வந்தது. பிறகு மூன்றாயிற்று. போன மாதம் ஆறு.

"சுவருக்கு அடியில வழி விட்டிருச்சும்மா. நான் ஊத்துற கலவையும் மண்ணோட சேர்ந்து கடலுக்குத்தான் போகுது. மேல கான்கிரீட் மட்டும் சும்மா தட்டு மாதிரி நிக்குது" என்றார் கொத்தனார்.

அதையும் அவள் டைப் அடித்தாள். 'தரை நிரப்பும் பணி தொடர்கிறது' என்று பூசி மெழுகி அடித்தாள். அவள் வீடு பின் வரிசையில் நாற்பத்தொன்று. கணவர் போன பிறகு ஒண்டியாக இருந்தாள். பயம் இருந்தது, ஆனால் அது அடுத்தவர் வீட்டுப் பயமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதாம் நம்பர் வாசலில் சாமான் லாரி வந்து நின்றது. அந்த வீடு கைமாறியது அவளுக்குத் தெரியும், வாங்கியது யார் என்றுதான் தெரியாது. கேட்டபோதெல்லாம் செயலாளர் சிரித்து மழுப்பினார். வரவேற்புச் செய்தி எழுத வேண்டுமே என்று பேனாவும் அட்டையுமாகப் போனாள். லாரியின் முன் சீட்டிலிருந்து ஏழு வயசுப் பெண் குழந்தை ஒன்று குதித்து "அத்தை" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. பின்னாலேயே தம்பி இறங்கினான். வாயெல்லாம் பல்.

"எப்படி? மூணு மாசமா மூச்சு விடலையே. பாப்பாகூட வாயைத் திறக்கல" என்றான்.

செயலாளர் பக்கத்தில் நின்று, "உங்க அக்காவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு என்னை எவ்வளவு கெஞ்சினார் தெரியுமா" என்றார்.

 "இங்க எதுக்குடா வாங்கின?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"என்னக்கா இப்படிக் கேக்குற? பதினோரு வருஷமா இந்த இடத்தைப் பத்தி எழுதி எழுதி அனுப்புனது நீதானே. பூவாம், பாட்டாம், பிறந்தநாளாம். பாப்பா இங்க வளரட்டும்னு தோணிச்சு. பழைய வீட்டை வித்தாச்சு. இனிமே இதுதான்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். லாரியிலிருந்து ஒரு சாமான்கூட இறங்கவில்லை. 'வேண்டாம்டா, ஏறு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தம்பி மனைவி ஒருபக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், குழந்தை காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது, செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு அட்டையில் ஏதோ கிறுக்கினாள். மறுநாள் தாளின் முன்பக்கத்தில் ஒன்பதாம் நம்பருக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக்கடைக்காரர் குடும்பத்துக்கு வரவேற்பு, சுற்றிலும் பூ. அதே தாளின் பின்பக்கத்தில், தரை நிரப்ப வேண்டிய வீடுகள்: 7, 8, 9, 10, 11, 12. இரண்டையும் ஒரே கைதான் எழுதியது. 

அடுத்த வாரம் அமாவாசை வந்தது. மறுநாள் கொத்தனார் ஆபீஸ் வாசலில் வந்து நின்றதும், "ஒன்பது எப்படிண்ணே?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள்.

"பின்வாசல் படி வரைக்கும் போயிருச்சும்மா."

"படிக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் வீடு. வீட்டுக்குள்ள வந்து தட்டிப் பாருன்னு என்னை யாரும் கூப்பிடலையே."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை படுக்கிற அறை கடல் பக்க அறை. தம்பி அந்த அறைக்குச் சுவரிலிருந்து சுவர்வரை ஒரே கண்ணாடியாக ஜன்னல் போட்டிருந்தான், தன் கையால் அறுத்து, தன் கையால் பொருத்தியது. படுத்துக்கொண்டே கடல் பார்க்கலாமாம். தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் அங்கே போய்விடுவாள். ஹாலில் உட்கார மாட்டாள், நேரே அந்த அறைக்குப் போய்ச் சுவரோரமாக நிற்பாள். தரையில் பாதம் முழுசாகப் பாவாது. எதையோ மிதித்துவிடக் கூடாது என்பதுபோல நடப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் நின்றுகொண்டிருக்கும்போதே குழந்தை கயிறு தாண்ட ஆரம்பித்தது. "எண்ணுங்க அத்தை, இன்னைக்கு நூறு" என்றது. கதவோரம் ஆடும்போது ணங், ணங் என்றுதான் கேட்டது. குழந்தை ஆடிக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்தது. ஜன்னலுக்கு இரண்டு முழம் இருக்கும்போது சத்தம் மாறிவிட்டது. தொம். தொம். தொம். டைல்ஸ் புத்தம்புதுசாகப் பளபளவென்று இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் பாய்ந்து போய்க் குழந்தையை இழுத்த வேகத்தில் கயிறு குழந்தையின் முகத்தில் பட்டது. குழந்தை அழுதது.

தம்பி ஓடி வந்தான். "என்னக்கா?"

"இந்த ரூம்ல ஈரம் ஜாஸ்தியா இருக்குடா. குழந்தைக்குச் சளி பிடிக்கும். ரோட்டுப் பக்க ரூம்ல படுக்க வையேன்."

"ஈரமா? எங்க ஈரம்?" என்று அவன் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீ சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளிக்கா. நான் கிணத்துப் பக்கம் போனாலே என் சட்டையைப் பிடிச்சுக்குவே."

அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அடுத்து என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். 'உனக்கு எப்போதிலிருந்து தெரியும்' என்பான். கடலுக்குப் பயந்ததைவிட அந்தக் கேள்விக்கு அதிகம் பயந்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் வருகிறது, உங்களுக்கும் வரும். ஆனால் அவள் பயத்தில் பொய் ஒன்றும் இல்லை, நிஜமாகவே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கண்ணாடி அந்த வாரமே மூலையில் விரிசல் விட்டது. "சரக்கு சரியில்லை" என்று தம்பி வேறு கண்ணாடி போட்டான். இருபது வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறவன். நாலாம் நாள் அதுவும் அதே மூலையில் விட்டது. இந்தத் தடவை அவன் டேப் ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

பௌர்ணமி அடுத்த புதன்கிழமை. அந்த மாதத்தில் கடல் வழக்கத்தைவிட ஓர் அடி அதிகம் ஏறும், காற்றும் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அவள் வியாழக்கிழமை மதியம் துணிந்து செயலாளர் வீட்டுக்கே போனாள். கையில் வரப்போகிற தாளின் நகல். முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், முதல் வரிசைக்காரர்கள் கடல் பக்க அறைகளில் இருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இதைப் போட்டா அறுபத்து நாலு வீட்டையும் ஒரே தாள்ல கவுத்துடுவே. அப்புறம் எந்த வீட்டையும் எவனும் சீந்த மாட்டான். பின்னாடி போடு. எப்பவும் போல."

"சார், ஒன்பதாம் நம்பர்ல என் தம்பி குழந்தை படுக்குது."

"நாலாம் நம்பர்ல நானும்தாம்மா படுக்கிறேன்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் திரும்பினாள். ரோட்டுப் பக்க ஹாலில், சோபாவைத் தள்ளிவிட்டு ஒரு கட்டில் போட்டிருந்தது. பக்கத்தில் மாத்திரை டப்பா, தண்ணீர்ச் சொம்பு, டார்ச் லைட்.

"இங்க காத்து நல்லா வரும்" என்றார் அவர், அவள் கேட்காமலேயே.

காற்று கடல் பக்கத்திலிருந்து அல்லவா வரும். அவள் வாசலுக்கு வந்தாள்.  விஷயம் தெரிந்த மனுஷனே அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்தாள் தெரியுமா? பின்பக்கத்தில் போட்டாள். தடித்த எழுத்தில் போட்டாள், கட்டம் கட்டிப் போட்டாள், ஆனாலும் பின்பக்கத்தில்தான் போட்டாள். பதினோரு வருஷத்துப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் விட்டுப்போகுமா? சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை. அவள் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பால்கனிக்குப் போய் ஒன்பதாம் நம்பரின் கூரை தெரிகிறதா என்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொத்தனாரையும் கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குள் போனாள். தம்பி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் கதவில் அந்த வரவேற்புத் தாள், பூவும் கொடியுமாக. அவள் காந்தத்தை எடுத்தாள், தாளைத் திருப்பினாள், அவன் கையில் கொடுத்தாள்.

"படிடா."

அவன் படித்தான். பொடி எழுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தான். "நம்ம நம்பர் போட்டிருக்கு" என்றான்.

"ஆமா."

"இது என்ன நிரப்புறது?"

கொத்தனார் சமையலறையிலிருந்து தட்ட ஆரம்பித்தார். ணங். நடையில் ணங். குழந்தையின் அறைக் கதவில் ணங். கட்டில் ஓரத்தில் தட்டியபோது தொம் என்றது. கட்டிலுக்கு அடியில் கடப்பாரையை விட்டுத் தட்டினார். அங்கேயும் தொம். ஜன்னல் ஓரத்தில் தட்டியபோது சத்தம் வந்ததோடு நிற்கவில்லை, கீழே எங்கோ தண்ணீர் சளக் என்று பதில் சொன்னது. தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய்விட்டாள்.

தம்பி டேப் ஒட்டிய மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஜன்னல் சட்டம் இறங்கியிருக்கு" என்றான். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." பிறகு தாளைத் தூக்கிக் காட்டினான். "இந்தப் பக்கம் எத்தனை நாளா வருது?"

"ரெண்டு வருஷமா."

"எனக்கு ஏன் இது வரல?"

"பின்பக்கத்தை நான் அனுப்புறதில்லடா."

"ஏன்?"

 வேறு காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். "அது டைப் அடிச்சது. பார்க்க அழகா இருக்காது" என்றாள்.

அவன் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையின் புத்தகப் பையையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கால் வந்தது. அன்று மாலை முதல் வரிசை முழுக்க ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் போன வெள்ளிக்கிழமைத் தாளைக் கேட்டு வாங்கித் திருப்பிக் காட்டினாள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிலர் "பின்பக்கம்தானே" என்று கதவைச் சாத்தப் போனார்கள். அந்த வீடுகளில் கொத்தனார் உள்ளே போய் ஒரு தட்டுத் தட்டினார், அது போதுமாக இருந்தது. விளக்கு வைப்பதற்குள் ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் காலி. செயலாளர் யாரும் சொல்லாமலேயே ஒரு பையோடு ரோட்டுக்கு வந்து நின்றார்.

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கடல் முழுசாக ஏறியது. பெரிய சத்தமெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நம்பரின் கடல் பக்க அறை, தட்டைச் சாய்த்த மாதிரி மெல்லச் சாய்ந்தது. முதலில் அந்தப் பெரிய கண்ணாடி போயிற்று, பிறகு சுவர், பிறகு தரையும் கட்டிலும் அப்படியே கீழே இறங்கின. பத்தாம் நம்பரின் படிக்கட்டும் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். 

பிறகு எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள். பத்தாம் நம்பர் அம்மாள் கட்டிப்பிடித்து அழுதாள். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயிர்ச்சேதம் இல்லை, சங்கம் முன்கூட்டியே எச்சரித்ததுன்னு இந்த வாரம் முன்பக்கத்துல போட்டுடும்மா" என்றார். அவள் அவரைத் தாண்டி நடந்தாள்.

தம்பி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை சற்றுத் தள்ளி அதன் அம்மா மடியில் படுத்திருந்தது. 

"எல்லாரும் நீதான் காப்பாத்தினேன்னு சொல்றாங்க" என்றான் அவன். "நாங்க வியாழக்கிழமை வந்தோம். நீ நேத்து வந்து சொன்ன. பத்தொன்பது ராத்திரி அவ அந்தக் கட்டில்ல படுத்திருந்தாக்கா."

"தெரியும்டா" என்றாள் அவள். "ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."